சக்கரத்தின் மேல் ஒரு குடித்தனம்

தலைநகரில் குடியேறிய நம்மவர் குடும்பங்களுக்கு வீடு மாற்றுவதென்பது புதிய செய்தியன்று. மாற்றல் உத்தரவு வந்ததும் டிரங்குப் பெட்டிகளைக் கட்டுவதும், ஒரு குவார்ட்டர்ஸின் சாவியை ஒப்படைத்து மற்றொன்றின் சாவியை வாங்குவதும், ஓய்வு பெற்ற பின் அதையும் ஒப்படைத்துவிட்டு இனி எந்த ஊர் என்று யோசிப்பதும் நாம் பலரும் கடந்து வந்தவையே. ஆதலின், வீட்டையே மோட்டாரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் ஒரு தம்பதியருடன் பதினான்கு நாட்கள் சுற்றி வந்த செய்தியை இம்மாதம் இப்பகுதியில் எழுதுவது பொருந்துமென்று எண்ணினோம்.

அத்தம்பதியர் வேற்றார் அல்லர். அவர் எங்களில் ஒருவருக்கு உடன்பிறந்த தம்பி, மற்றவருக்கு மைத்துனர். அமெரிக்காவின் வட எல்லையில் உள்ள மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகரின் புறத்தே, முப்பத்தைந்து ஆண்டுகளாகக் குடியிருப்பவர். வயது அறுபத்தெட்டு. 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் நாங்கள் அங்கே சென்றிருந்தபோது, "அத்தான், அக்காவை அழைத்துக்கொண்டு எங்களோடு புறப்படுங்கள். இந்த ஆண்டு விட்டால் இந்த வண்டியில் உங்களை அழைத்துப் போக முடியுமோ, முடியாதோ" என்றார். அச்சொல்லின் பொருள் இரண்டொரு நாளில் விளங்கிற்று. கழுத்தெலும்புத் தேய்வினால் அவருக்குத் தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது அரிதாகிவிட்டது. வண்டியை விற்றுவிடலாம் என்பது அவர் மனைவியின் கருத்து. அப்பேச்சு எழும்போதெல்லாம் தம்பி எழுந்து போய் டயர்களில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பார்.

அந்த வண்டியை முதலில் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்திவிடுகிறோம். அங்கே அதனைப் பயண டிரெய்லர் என்கிறார்கள். அதற்கென எஞ்சின் கிடையாது. நீளம் 22 அடி, அகலம் 8 அடி. சாமான்களை ஏற்றியபின் எடை ஏறத்தாழ 5,000 பவுண்டு, அதாவது நம் கணக்கில் 2,270 கிலோ. முன்னால் செல்லும் பிக்அப் வண்டியின் பின்புறம் பந்து போன்ற ஓர் இரும்புக் குமிழ் இருக்கிறது. டிரெய்லரின் மூக்கிலுள்ள கிண்ணம் அதன்மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்கிறது. பூட்டு நழுவினாலும் வண்டி ஓடிவிடாதபடி இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுகிறார்கள். முழு எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை அந்தக் குமிழின்மேல் தங்க வேண்டும். அதனினும் குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் வால்பக்கம் இடமும் வலமும் ஆடத் தொடங்கி, முன்வண்டியையும் சேர்த்துப் புரட்டிவிடக் கூடும். எனவே அரிசி மூட்டையை எந்த அலமாரியில் வைப்பது என்பதுகூட அங்கே அடுக்களைப் பிரச்சினையாக நிற்பதில்லை. சாலைப் பாதுகாப்பைச் சேர்ந்ததாகிவிடுகிறது.

உள்ளே ஒரு கட்டில், இரண்டு அடுப்பு, தொட்டி, குளிர்ப்பெட்டி, ஓர் ஆள் நிற்கும் குளியலறை. பகலில் சாப்பிடும் மேசையை இரவில் தாழ்த்தி, மெத்தைகளைப் பரப்பினால் அதுவே இன்னொரு கட்டில். அந்த மேசைதான் பதினான்கு இரவும் எங்கள் சயனம். நால்வரில் ஒருவர் நடக்க வேண்டுமானால் மற்ற மூவரும் உட்கார வேண்டும்.

ஒவ்வொரு நாளும் இடம் சேர்ந்ததும் முதல் வேலை, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, கொத்தனார் வைத்துப் பார்க்கும் ரசமட்டத்தைத் தரையில் வைத்து வண்டியைச் சமனாக்குவது. வெறும் சௌகரியத்துக்காக என்றே முதலில் எண்ணினோம். காரணம் வேறு. அந்தக் குளிர்ப்பெட்டி காஸ் சுடரின் வெப்பத்தால் இயங்குவது. அதனுள் அம்மோனியாக் கரைசல் கொதித்து, குளிர்ந்து, தன் எடையாலேயே வழிந்து மீண்டும் கீழே வர வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் கரைசல் குழாயிலேயே தேங்கிப் பெட்டி குளிராது. நாளடைவில் கெட்டும் போகும். தயிர் புளிக்காமல் இருப்பதற்கு ரசமட்டம் வேண்டியிருக்கிறது!

தண்ணீர் விஷயத்தில் மட்டும் நாங்கள் சற்றுப் பெருமை கொள்ளலாம். டிரெய்லரில் மூன்று தொட்டிகள் உண்டு: நல்ல நீருக்கு ஒன்று, பாத்திரம் கழுவிய நீருக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று. முதலாவது காலியானாலும் குடித்தனம் நிற்கும். மற்றவை நிறைந்தாலும் நிற்கும். முதன்முறை இவ்வண்டியில் போகும் அமெரிக்கர் இரண்டே நாளில் தொட்டியைக் காலி செய்துவிடுவார்களாம். காலையில் ஒரு மணி நேரம் வரும் குழாய்நீரை வாளிகளில் பிடித்து நாள் முழுவதும் ஓட்டிய தில்லி அனுபவம் எங்களுக்குக் கைகொடுத்தது. நான்காம் நாளும் தொட்டியில் பாதி இருக்கக் கண்டு தம்பியின் மனைவி வியந்தார்.

தாளிப்பில் அந்தப் பெருமை நிலைக்கவில்லை. கடுகும் மிளகாய்வற்றலும் எண்ணெயில் விழுந்த கணமே கூரையிலுள்ள புகைமணி வீறிட்டது. அது முதல் ரசத்துக்குத் தாளிப்பது வெளியில், மரத்தடி மேசைமேல் சிறிய காஸ் அடுப்பில் என்று ஏற்பாடாயிற்று. அடுத்த முகாமிலிருந்த முதியவர் ஒருவர் தும்மிக்கொண்டே வந்து, அது என்ன மணம் என்று விசாரித்து, ஒரு கிண்ணம் ரசம் பருகிப் போனார்.

இனி, வண்டி போய் நிற்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் கருத்தில், வண்டியைக் காட்டிலும் வியக்கத்தக்கது அதுவே. அமெரிக்காவில் எல்லோஸ்டோன் போன்ற தேசியப் பூங்காக்கள் மத்திய அரசைச் சேர்ந்தவை. அவற்றின் புகழ் இங்கேயும் எட்டியிருக்கிறது. மாநில அரசுகள் தனியே வைத்திருக்கும் பூங்காக்களைப் பற்றி நம்மவர் அவ்வளவாகக் கேள்விப்பட்டதில்லை. நியூயார்க் மாநிலம் 1885-இல் நயாகரா அருவியின் கரையைத் தனியாரிடமிருந்து மீட்டுப் பொதுவாக்கியது இவற்றுள் முன்னோடி. மினசோட்டாவில் மட்டும் இப்போது அறுபதுக்கு மேல் உள்ளன. பூங்கா என்றால் மலர்ச்செடியும் புல்தரையும் என்று எண்ணிவிட வேண்டாம். காடும் ஏரியும் அருவியும் அப்படியே விடப்பட்ட நிலம் அது. அதன் ஓரத்தில், மரங்களுக்கிடையே, ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் இடம், ஒரு மேசை, நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம். சிலவற்றில் மின்சாரமும் உண்டு. நாங்கள் சென்ற ஆண்டில் மோட்டார் நுழைய நாளொன்றுக்கு 7 டாலர், ஆண்டுச் சீட்டு 35 டாலர். தங்குவதற்கு வேறு கட்டணம். இடத்துக்கு 120 நாட்கள் முன்னரே பதியலாம். அப்போது நம் இரயிலுக்கும் அதே 120 நாள்தான். 2024 நவம்பர் முதல் இங்கே 60 நாளாகிவிட்டது.

சுருங்கச் சொன்னால், நம் பெரியோர் வழிதோறும் கட்டிவைத்த சத்திரங்களைப் போன்றவை இவை. கூரையை மட்டும் யாத்திரிகர் கொண்டு வருகிறார். நிலமும் நீரும் நிழலும் பொதுவில் கிடைக்கின்றன. இச்சத்திரத்தை வைத்தவர் யார், யாருக்காக வைத்தார் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் எங்களுக்கு ஆவல் மிகுந்தது.

முதலில் தங்கியது இடாஸ்கா. மிசிசிப்பி ஆறு பிறக்கும் இடம். இந்த ஏரியின் வட முனையில், வரிசையாகக் கிடக்கும் கற்களின் இடுக்கில் வழிந்து, முழங்கால் ஆழத்தில், ஓர் அறையின் அகலமே உள்ள ஓடையாகப் புறப்படுகிறது அந்தப் பேராறு. அங்கிருந்து மெக்சிகோ வளைகுடா வரை ஏறத்தாழ 2,340 மைல். இங்கே புறப்படும் ஒரு துளி கடலைச் சேர மூன்று மாதமாகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குழந்தைகள் கல்லுக்குக் கல் தாவிக் கடந்துகொண்டிருந்தனர். எங்களில் புடவை உடுத்தவர் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கற்களை நம்பாமல் நீரிலேயே இறங்கி மிசிசிப்பியைக் கடந்தார். மற்றவர் கரையில் நின்று செருப்புகளைக் காவல் காத்தார்.

1832-இல் ஸ்கூல்கிராஃப்ட் என்னும் அமெரிக்க அதிகாரியை இவ்விடத்துக்கு அழைத்து வந்தவர் ஓஜிப்வே குலத்தலைவர் ஓசாவிந்திப். அம்மக்கள் இதனை எல்க் மானின் ஏரி என்று தம் மொழியில் வழங்கிவந்தார்கள். ஸ்கூல்கிராஃப்டோ, உண்மை, தலை எனப் பொருள்படும் இரண்டு இலத்தீன் சொற்களைச் சேர்த்து, முன்னும் பின்னும் நறுக்கிவிட்டு, நடுவில் எஞ்சியதை இடாஸ்கா என்று பெயராக்கினார். வழி காட்டியவரின் மொழிப் பெயர் பின்தங்க, நறுக்கிய இலத்தீன் நிலைத்துவிட்டது. ஊர்ப்பெயர்கள் மாறுவதைக் கண்டு பழகிய நமக்கு இதில் வியப்பில்லை.

1891-இல் இதனைப் பூங்காவாக்கும் சட்டம் மாநிலச் சட்டமன்றத்தில் ஒரே ஒரு வாக்கு மிகுதியால் நிறைவேறிற்று. சட்டம் வந்ததேயன்றி, மரம் வெட்டுவோரின் கை நிற்கவில்லை. வெட்டிய மரங்களை மிதக்கவிட்டு ஓட்டுவதற்காக அவர்கள் அணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்த, கரையோர மரங்கள் மூழ்கலாயின. 1903-இல் பூங்கா அதிகாரியாக இருந்தவர் இறந்தார். அவருடைய மகள் மேரி கிப்ஸ், இருபத்து நான்கு வயதினர், அப்பொறுப்பை ஏற்றார். அணையின் கதவைத் திறக்கச் சொல்லிச் சென்றவருக்கு எதிரே துப்பாக்கி காட்டப்பட்டது. அவர் பின்வாங்காமல் கதவின் நெம்புகோல்மேல் கையை வைத்தார். பதவியில் அவரை விட்டுவைத்தது சில திங்களே. இன்று ஆற்றின் தலைவாயிலிலுள்ள வரவேற்பு நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிவப்புப் பைன் மரங்கள் அங்கே இன்னும் நிற்கின்றன. அண்ணாந்து பார்த்தால் கோயில் மண்டபத்துத் தூண்கள்தாம் நினைவுக்கு வரும்.

இடாஸ்காவிலிருந்து ஒரு பகல் ஓட்டத்தில் கிழக்கே ஜே குக் என்னும் பூங்காவை அடைந்தோம். பாறைகளை உடைத்துக்கொண்டு பாயும் செயிண்ட் லூயி ஆற்றின்மேல் ஒரு தொங்குபாலம். 2012-ஆம் ஆண்டு வெள்ளம் அதனைச் சிதைக்க, அடுத்த ஆண்டே மீண்டும் கட்டினார்கள். ஆனால் அந்த இடத்தை நாங்கள் நினைவில் வைத்திருப்பது ஆற்றுக்காக அன்று.

டிரெய்லரைப் பின்னோக்கிச் செலுத்துவது ஒரு விசித்திரமான வித்தை. சக்கரத்தை இடப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலப்பக்கம் போகும். அதனால் ஸ்டீரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள்; கை எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கமே வண்டியின் வாலும் நகரும். ஓட்டுபவருக்கு வண்டிக்குப் பின்னால் இருப்பது தெரியாது. எனவே ஒருவர் இறங்கிப் பின்னால் நின்று கைச்சைகை காட்ட வேண்டும். அவர் கண்ணாடியில் தெரியவில்லையென்றால் வண்டியை நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. பதினோராண்டாக அவ்வாறு பின்னால் நின்றவர் தம்பியின் மனைவி.

அன்று நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. ஒதுக்கப்பட்ட இடமோ இரண்டு மரங்களுக்கு நடுவே, வளைவில். தம்பி நான்கு முறை முயன்றார். கண்ணாடியில் பார்த்ததைக் கழுத்தைத் திருப்பி உறுதி செய்துகொள்ள அவரால் இயலவில்லை. ஐந்தாம் முறை பாதையின் குறுக்கே வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டீரிங்மேல் இரு கைகளையும் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்துவிட்டார். பின்னால் இரண்டு வண்டிகள் காத்திருந்தன. எவரும் ஒலி எழுப்பவில்லை. அதுவே எங்களுக்கு மிகவும் சங்கடமாக இருந்தது.

அவர் மனைவி வந்து கதவைத் திறந்து, "இறங்குங்கள், நான் பார்க்கிறேன்" என்றார்.

"உனக்குப் பழக்கமில்லையே."

"பின்னால் நின்று எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! நீங்கள் போய் அந்த மரத்தடியில் நில்லுங்கள்."

அம்மையார் வண்டியோட்டத் தெரிந்தவர்தாம். டிரெய்லரோடு மட்டும் ஓட்டியதில்லை. முதல் முறை வால் மரத்தை நோக்கிப் போயிற்று. முன்னே எடுத்து மீண்டும் வந்தார். மூன்றாம் முறையில் வண்டி இரண்டு மரங்களுக்கும் நடுவே, இழைத்து வைத்தாற்போல் போய் நின்றது. தடுமாறியவர் தம்பியே. ஓட்டத் தெரிந்த அவருக்குச் சைகை காட்டத் தெரியவில்லை! கண்ணாடியில் தெரியும்படி எங்கே நிற்க வேண்டும் என்பதை மனைவி சன்னல் வழியே தலையை நீட்டிச் சொல்லிக் கொடுத்தார். அன்றிரவு சாப்பாட்டின்போது எவரும் அதைப்பற்றிப் பேசவில்லை. ஆனால் ரசமட்டத்தை எடுத்து வந்து தரையில் வைத்தவர் அம்மையார். கட்டையைச் செருகியவர் தம்பி.

அங்கிருந்து சுப்பீரியர் ஏரியின் வடகரை. 31,700 சதுர மைல் பரப்புள்ள நன்னீர். எதிர்க்கரை தெரியாததால் கடல் என்றே எண்ணத் தோன்றும், உப்புக்காற்று மட்டும் இராது. கரையோரமாக ஓடும் 61-ஆம் எண் நெடுஞ்சாலையில் கூஸ்பெரி அருவிப் பூங்கா இருக்கிறது. அங்கே சாலையைத் தாங்கி நிற்கும் 300 அடி நீளமுள்ள ஒரு கற்சுவரைத் தம்பி காட்டினார். அச்சுவரும் பூங்காவிலுள்ள பழைய கற்கட்டிடங்களும் 1934 முதல் 1941 வரை ஏழை இளைஞர்கள் கட்டியவை. இத்தாலியக் கொத்தர்கள் அவர்களுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தார்கள்.

பொருளாதார மந்தத்தின்போது, வேலையற்ற இளைஞர்களுக்காக ரூஸ்வெல்ட் 1933-இல் தொடங்கிய படையைச் சேர்ந்தவர்கள் அவர்கள். 1942 வரை நடந்த அப்படை நாடெங்கும் நூற்றுக்கணக்கான மாநிலப் பூங்காக்களுக்குப் பாதையும் கட்டிடமும் அமைத்தது. உணவும் உடையும் போக மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பையனின் கைக்கு வருவது ஐந்து. இதைக் கேட்டவுடன் எங்கள் இருவருக்கும் ஒரே நினைவு வந்தது. கரோல்பாகிலே ஓர் அறையில் நால்வராகத் தங்கி, முதல் தேதியன்று தபாலாபீசில் மணியார்டர் பாரத்தை நிரப்பிக்கொண்டு நின்ற நம்மவர் எத்தனை பேர்! அந்தச் சுவரின் கற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தோம். சிவப்பு, கருநீலம், பழுப்பு என்று நிறம் நிறமாக, இணைப்பு பிசகாமல் நிற்கின்றன.

ஆயினும் சத்திரம் எல்லார்க்கும் திறந்திருந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். அதே படையில் கறுப்பின இளைஞர்களைத் தனி அணிகளாகப் பிரித்து வைத்திருந்தார்கள். தென்மாநிலங்களில் அவர்கள் பூங்காக்களுக்குள் நுழையவும் முடியவில்லை. 1948-இல் வர்ஜீனியாவில் ஒரு பூங்காவினுள் அனுமதி மறுக்கப்பட்ட மேசியோ மார்ட்டின் வழக்குத் தொடுத்தார். அம்மாநிலமோ அவரை உள்ளே விடுவதற்குப் பதிலாக 1950-இல் கறுப்பினத்தாருக்கென்று வேறொரு பூங்காவைத் திறந்தது. தென் கரோலினாவில் எல்லாரையும் அனுமதிக்க வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, 1963-இல் அத்தனை மாநிலப் பூங்காக்களையும் மூடிவிட்டார்கள். மறு ஆண்டுதான் மெல்லத் திறக்கத் தொடங்கினார்கள். நம் சத்திரங்களிலும் பந்தி பிரித்துப் போட்ட காலம் உண்டல்லவா? பதினான்கு நாளும் நாங்கள் தங்கிய முகாம்களில் வெள்ளையர் அல்லாதாரை விரல்விட்டு எண்ணிவிடலாம். எவரும் எங்களிடம் மரியாதைக் குறைவாக நடந்ததில்லை. ஆயினும் எண்ணினோம் என்பதே ஒரு செய்திதானே.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். பூங்காவை விட்டுப் புறப்படும் ஒவ்வொரு முறையும் கழிவுத்தொட்டியைக் காலி செய்ய வேண்டும். அதற்கென ஒரு மேடையும் தரையில் மூடியிட்ட துளையும் உண்டு. வரிசையில் நின்று, கையுறை அணிந்து, தடித்த குழாயை மாட்டி, அவரவர் கழிவை அவரவரே இறக்குகிறார்கள். எங்களுக்கு முன்னால் நின்றவர் ஓய்வு பெற்ற மருத்துவராம். மழையில் தொப்பியோடு நின்று அதனைச் செய்தார். இவ்வேலையைத் தலைமுறை தலைமுறையாக ஒரு சிலர் தலையில் சுமத்திவிட்டு, 1993-இலும் 2013-இலும் சட்டம் போட்ட பிறகும் முற்றிலும் ஒழிக்க முடியாத நாட்டிலிருந்து வந்தவர்கள், அந்த வரிசையில் நின்றபோது தலை குனிந்துதான் நின்றோம். தம்பி முதன்முறை இதைச் செய்தபோது இரண்டு வேளை உண்ணவில்லையாம். இப்போது பாட்டுப் பாடிக்கொண்டே செய்கிறார்.

மற்ற நாட்களை விரிக்க வேண்டியதில்லை. இலைகள் செந்நிறமாகத் தொடங்கியிருந்தன. இரவில் ஏரியின் நடுவிலிருந்து லூன் என்னும் நீர்ப்பறவை அழும். முதலில் கேட்பவர் மனிதக்குரல் என்றே எண்ணுவர். கரடிக்கு அஞ்சிப் பழத்தோலைக்கூட வெளியில் வைப்பதில்லை. கரடியை நாங்கள் காணவும் இல்லை. மரத்தைத் துளைக்கும் பூச்சி பரவாதிருக்க, வெளியூர் விறகைப் பூங்காவுக்குள் கொண்டுவரத் தடை. பத்து மணிக்கு முகாம் முழுவதும் ஓசை அடங்கிவிடுகிறது. அவ்வளவு மெல்லிய சுவருள்ள வீடுகளில், அவ்வளவு நெருங்கிப் படுத்திருந்தும் அயலார் சண்டை ஒன்றும் காதில் விழவில்லை; சண்டையே இல்லையோ, மெல்லச் சண்டையிடப் பழகிவிட்டார்களோ, அறியோம்.

மினியாபொலிஸ் திரும்பியதும் டிரெய்லரைக் குளிர்காலத்துக்கு மூடிவைத்தார்கள். அங்கே சனவரியில் பனிநிலைக்குக் கீழே இருபது பாகைக்கும் மேல் இறங்கிவிடும் நாட்கள் உண்டு. குழாயில் ஒரு சொட்டு நீர் நின்றாலும் உறைந்து வெடிக்கும். ஆகையால் நீரை முழுவதும் வடித்து, உறையாத இளஞ்சிவப்புத் திரவமொன்றைக் குழாய்களில் செலுத்தினார்கள். அவ்வேலையை இருவரும் சேர்ந்தே செய்தார்கள். விற்பனையைப் பற்றிய பேச்சு எங்கள் முன்னிலையில் எழவில்லை.

2024-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் இருவரும் மட்டும் மறுபடி இடாஸ்கா போய் வந்ததாக எழுதியிருந்தார்கள். நெடுஞ்சாலையில் ஓட்டுவது தம்பி. பின்னோக்கிச் செலுத்துவது அம்மையார். சைகையில் தம்பி இன்னும் தேறவில்லையாம். அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் வண்டியை விலைக்குக் கேட்டு ஒருவர் வீடு தேடி வந்திருக்கிறார். வசந்தம் கழித்து வந்து பாருங்கள் என்று அவரைத் திருப்பி அனுப்பியது யார் என்று விசாரித்தோம். தம்பியின் மனைவி என்று தெரிந்தது.